சிங்கம் குறைந்தால் குறையா?

விடுமுறை நெருங்கும்போது நம் பாடசாலைகளில் முதலில் எழும் பேச்சு கல்விச் சுற்றுலாவைப் பற்றியதாகவே இருக்கும். உரும்பிராயிலிருந்து விடியுமுன் புறப்படும் பஸ் ஆனையிறவைக் கடந்து தென்திசை நோக்கி ஓடும். கண்டி, பேராதனைப் பூந்தோட்டம், தெகிவளை மிருகக்காட்சிச்சாலை என்று முறையாகப் பார்த்து மீள்வது நெடுங்கால வழக்கம். அண்மைக் காலத்தில் இவ்வரிசையில் மற்றோர் இடமும் சேர்ந்துகொண்டது. அம்பாந்தோட்டை மாவட்டத்திலே 2016ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ரிதியகம சபாரிப் பூங்காவே அது. ஏறத்தாழ 500 ஏக்கர் நிலப்பரப்பில் அமைந்த அப்பூங்கா, இலங்கையில் இவ்வகையில் தோன்றிய முதலாவது பூங்காவாகும். அங்கே மனிதர் வாகனத்துக்குள் அடைபட்டிருக்க, சிங்கம் வெளியே காற்று வாங்கும்!

சென்று மீளும் பிள்ளைகளிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், அவர்கள் கணக்கொப்புவிக்கத் தொடங்கிவிடுவர். சிங்கம் இத்தனை, வரிக்குதிரை இத்தனை, யானை இத்தனை என்பார்கள். "போன முறை அண்ணா பார்த்த மிருகம் இந்த முறை இல்லை" என்று முகம் வாடுபவரும் உளர். பெற்றோரும் அக்கணக்கைக் கொண்டே கொடுத்த பணத்துக்குத் தகுந்த காட்சி கிடைத்ததா என்று தீர்மானிக்கின்றனர்.

இங்கேதான் நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். கடையிலே சரக்கு நிறைந்திருந்தால் வியாபாரம் செழிப்பு, குறைந்திருந்தால் நொடிப்பு. இந்த அளவுகோல் உயிர்களைக் காக்கும் பூங்காவுக்கும் பொருந்துமா? சபாரிப் பூங்காக்களின் வரலாற்றைப் பார்ப்போமாயின், அவற்றிலுள்ள மிருகங்களின் வரவிலும் செலவிலும் மனிதனின் மனச்சாட்சி மாறி வந்த கதையே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சில வேளைகளில் ஒரு மிருகம் குறைவது பூங்காவின் வீழ்ச்சிக்கு அன்று, அதன் உயர்வுக்கே அடையாளமாகும்.

பெயரும் பிறப்பும்

சபாரி என்பது ஆபிரிக்காவின் சுவாகிலி மொழியில் பிரயாணத்தைக் குறிக்கும் சொல். அரபு மொழியின் 'சபர்' என்னும் சொல்லிலிருந்து அது பிறந்தது. பொருள் தேடிப் பிறநாடு செல்பவரைச் 'சபராளி' என்று தமிழ் முஸ்லிம்கள் வழங்குவதும் அச்சொல்லின் வழியே வந்ததுதான். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான சொல்லன்று.

கம்பிக் கூண்டை நீக்கி மிருகங்களைத் திறந்த வெளியில் காட்டலாம் என்னும் எண்ணத்தை உலகுக்குப் பரப்பியவர் ஜேர்மனியரான கார்ல் ஹகன்பெக். ஹாம்பர்க் நகருக்கு அருகே ஸ்டெலிங்கன் என்னுமிடத்தில் 1907ஆம் ஆண்டு அவர் திறந்த பூங்காவிலே, பார்ப்பவருக்கும் சிங்கத்துக்கும் இடையில் கம்பி இல்லை. ஆழ்ந்த அகழி ஒன்றே இருந்தது. அக்காலத்து மக்களுக்கு அது பேரதிசயம்.

அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அடுத்த படி எடுத்து வைக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், இங்கிலாந்தின் லோங்லீற் என்னும் பிரபு மாளிகையின் தோட்டத்தில், பார்வையாளர் தத்தம் மோட்டார் வண்டியிலேயே சிங்கங்களின் நடுவே ஓட்டிச் செல்லும் பூங்கா திறக்கப்பட்டது. ஆபிரிக்காவுக்கு வெளியே இத்தகைய பூங்கா தோன்றியது அதுவே முதன்முறை. நிலம் பாத் பிரபுவினுடையது. யோசனையும் மிருகங்களும் ஜிம்மி சிப்பர்பீல்ட் என்னும் சர்க்கஸ்காரருடையவை. பரம்பரைச் சொத்தான மாளிகையைப் பராமரிக்கப் பணமின்றித் தவித்த பிரபுக்குலத்துக்கு அது வருவாய்க்கு வழியாயிற்று. சிங்கம் தப்பிவிட்டால் ஊரின் கதி என்னாகும் என்று பத்திரிகைகளிலே கண்டனங்கள் எழுந்தன. ஆயினும் மக்கள் திரள் திரளாக வந்தனர்.

வெற்றியைக் கண்டவர் சும்மா இருப்பரா? வின்ட்சர், வோபர்ண், நோஸ்லி என்று அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இங்கிலாந்தில் பல பூங்காக்கள் எழுந்தன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1967இலேயே ஒன்று தோன்றிவிட்டது. எங்கும் சிங்கமே கதாநாயகன். அதைச் சூழ ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, குரங்கு, காண்டாமிருகம் ஆகியவை துணைப் பாத்திரங்கள். சர்க்கஸ் கூடாரத்துக்கு மேற்கூரையை நீக்கி வேலியை அகலப்படுத்தியதைப் போன்றதே அக்காலத்துச் சபாரிப் பூங்கா என்றால் மிகையாகாது.

சிங்கம் பெருகினால் வரும் சங்கடம்

சிங்கம் சிறைப்பட்ட நிலையிலும் எளிதில் இனம்பெருக்கும் பிராணி. பெண்சிங்கம் ஏறத்தாழ 110 நாட்கள் கருச்சுமந்து, ஒரே ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள் வரை ஈனும். குட்டி பிறந்தது என்னும் செய்தி பத்திரிகையில் வரும். பார்க்கக் கூட்டம் கூடும். மூன்று ஆண்டுகளில் அக்குட்டி பருவமடைந்து, தனக்கென இடம் தேடும். காட்டிலாயின் இளம் ஆண்சிங்கங்கள் கூட்டத்தை விட்டு விலகிச் சென்றுவிடும். வேலிக்குள்ளே எங்கே செல்வது? நன்றாகப் பேணப்படும் சிங்கம் இருபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் பல கிலோ இறைச்சி வேண்டும். இந்திய விலங்ககங்கள் பலவற்றில் வாரத்தில் ஒருநாள் ஊனுண்ணிகளுக்கு உணவு கொடாமல் விடுவது வழக்கம். நம் அன்னையரைப்போல் சிங்கமும் வாரம் ஒருநாள் விரதம் காக்கின்றது! ஆயினும் மற்ற ஆறு நாட்களின் செலவை யார் தாங்குவது?

பூங்காக்கள் மூடப்பட்டபோது இக்கேள்வி இன்னும் கூர்மையாயிற்று. இங்கிலாந்தின் லாம்ப்டன் பூங்கா 1980ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வின்ட்சர் பூங்கா 1992இல் மூடப்பட்டது. வின்ட்சரில் மிருகங்கள் உலாவிய இடத்தில் இன்று பொம்மைக் கட்டைகளின் பெயரால் அமைந்த கேளிக்கைப் பூங்கா நிற்கிறது. கேளிக்கைச் சக்கரத்தைக் கழற்றி விற்றுவிடலாம். உயிருள்ள மிருகத்தை வாங்கியவர், அது இறக்கும் நாள்வரை அதற்குக் கடன்பட்டவரல்லரோ?

இரத்தத்தில் நேர்ந்த கலப்பு

இந்தியாவில் இதனினும் நுட்பமான தொல்லை ஒன்று தோன்றியது. உலகிலே ஆசியச் சிங்கங்கள் இயற்கையாக வாழுமிடம் குஜராத் மாநிலத்தின் கிர் காடும் அதனைச் சூழ்ந்த பகுதிகளுமே. 1968ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 177 சிங்கங்களே காணப்பட்டன. பாதுகாப்பின் பயனாக அத்தொகை 2020இல் 674 ஆகவும், 2025இல் 891 ஆகவும் உயர்ந்தது. இந்நற்செய்தி நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவது.

ஆனால் விலங்ககங்களில் நிகழ்ந்தது வேறு. சர்க்கஸ்காரர்கள் கொணர்ந்த ஆபிரிக்கச் சிங்கங்களோடு ஆசியச் சிங்கங்களைச் சேரவிட்டதால், இரண்டுமில்லாத கலப்பினம் பெருகிற்று. 1970ஆம் ஆண்டுகளில் ஐதராபாத்திலும் பின்னர் பிற நகரங்களிலும் சிங்கச் சபாரிகள் தோன்றியபோது, கூட்டம் சேர்க்க எச்சிங்கமாயினும் போதுமென்று கருதப்பட்டது. கலப்பு இந்தியாவோடு நின்றதுமன்று. அமெரிக்க விலங்ககங்களில் தூய ஆசியச் சிங்கங்கள் என்று போற்றி வளர்க்கப்பட்ட கூட்டத்தை அறிவியலாளர் இரத்தச் சோதனை செய்தபோது, அக்கூட்டத்தின் மூதாதையர் ஐந்தில் இரண்டு ஆபிரிக்கச் சிங்கங்கள் என்பது 1987இல் வெளியாயிற்று. ஆண்டுக்கணக்காகச் செய்த முயற்சி வீணாயிற்று.

சண்டிகார் நகரையடுத்த சத்பீர் விலங்ககம் இதற்குத் துயரமான உதாரணம். அங்கே கலப்பினச் சிங்கங்கள் 80 என்னும் அளவுக்குப் பெருகின. அவற்றிற் பல நோயெதிர்ப்பு வலுவின்றி மெலிந்தன. காயங்கள் ஆற மறுத்தன. முடிவில் ஆண்சிங்கங்களுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்து, இனம் மேலும் பெருகாமல் நிறுத்தினர். 1992இல் அமைக்கப்பெற்ற இந்திய மத்திய விலங்கக ஆணையத்தின் கொள்கையும் கலப்பினப் பெருக்கத்தை நிறுத்துவதாகவே இருந்தது. அவ்வாண்டுகளில் சத்பீருக்குச் சென்று "சிங்கம் குறைந்துவிட்டதே" என்று குறைப்பட்ட ஒருவர், உண்மையில் ஒரு பெருந்தவறு திருத்தப்படுவதைத் தம் கண்ணாலேயே கண்டவராவார். அதை அவருக்கு எடுத்துச் சொல்வாரில்லை.

வெள்ளைப் புலியின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1951ஆம் ஆண்டு மத்திய இந்தியாவின் ரீவா மன்னர் காட்டில் பிடித்த மோகன் என்னும் வெள்ளைக் குட்டியே, உலக விலங்ககங்களில் நாம் காணும் வெள்ளைப் புலிகளிற் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை. அவ்வெண்ணிறம் தனியோர் இனத்தின் அடையாளமன்று. எப்போதாவது தோன்றும் மரபுவழி மாற்றமே. அதை மீண்டும் வரவழைக்கத் தந்தையோடு மகளையே சேர்த்தனர். நெருங்கிய உறவில் தொடர்ந்து இனம்பெருக்கியதன் பயனாக மாறுகண் முதலிய ஊனங்கள் தோன்றின. கூட்டம் சேர்ப்பதில் வெள்ளைப் புலிக்கு நிகரில்லை. ஒரிசாவின் நந்தன்கானனில் 1991இல் அதற்கெனவே சபாரி ஒன்று அமைத்தனர். ஆயினும் அமெரிக்க விலங்ககச் சங்கம் 2011இல், நிறத்துக்காக இவ்வாறு இனம்பெருக்குவதை உறுப்பினர் கைவிட வேண்டுமென்று முடிவு செய்தது. வெள்ளைப் புலி இல்லாத பூங்காவை ஏழைப் பூங்கா என்று இனி எவரும் இகழலாகாது.

வண்டலூரின் படிப்பினை

தமிழ் மக்களுக்கு மிக அருகிலுள்ள சிங்கச் சபாரி, சென்னையையடுத்த வண்டலூரிலே அமைந்தது. அதன் வரலாறு நீளமானது. 1855ஆம் ஆண்டு எட்வர்ட் பல்போர் என்னும் வைத்தியர் சென்னை நூதனசாலையின் அதிபராக இருந்தார். உயிருள்ள மிருகங்கள் இருந்தால் நூதனசாலைக்கு மக்கள் மிகுதியாக வருவர் என்று கண்ட அவர், ஆர்க்காட்டு நவாபின் மிருகங்களையும் கேட்டுப் பெற்றார். அவ்வாறு பிறந்த விலங்ககம் பின்னர் நகரின் மத்தியிலிருந்த மக்கள் பூங்காவுக்கு மாறி, நூறாண்டுக்கு மேல் அங்கே நெருக்கடியில் தவித்தது. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வண்டலூர்க் காட்டுப்புறத்தில், 602 ஹெக்டேர் அளவான பெருநிலத்தில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்னும் பெயரோடு புதுவாழ்வு பெற்றது. மிருகங்களுக்கு நிழலும் நீரும் நடமாட இடமும் கிடைத்தன.

அப்பூங்காவின் மிருகத் தொகுதியில் பின்னர் நிகழ்ந்த மாற்றம் ஒன்று நம் கவனத்துக்குரியது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குவதையும் காட்டுவதையும் இந்திய அரசு 1998ஆம் ஆண்டு அறிவித்தல் மூலம் தடை செய்தது. சர்க்கஸ்காரர் நீதிமன்றம் சென்றனர். 2001ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. திருவாரூரிலே கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்டதைப் பெரியபுராணம் நமக்குக் கூறுகின்றது. சர்க்கஸ் சிங்கத்துக்கு அசைப்பதற்கு மணியில்லை; அதற்காக மனிதரே மணியை அசைக்க வேண்டியதாயிற்று.

தீர்ப்பு வந்தது, ஆனால் சிங்கங்களை எங்கே விடுவது? கூண்டிலே பிறந்து சவுக்கொலி கேட்டு வளர்ந்தவை காட்டிலே வேட்டையாடிப் பிழைக்கமாட்டா. ஆகவே வண்டலூர், பன்னேர்கட்டா, விசாகப்பட்டினம், திருப்பதி முதலிய இடங்களில் அவற்றுக்கெனப் புகலிடங்கள் அமைந்தன. திருமலையின் அடிவாரத்திலே சர்க்கஸ் சிங்கங்கள் தம் முதுமையைக் கழித்தன என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை நெகிழ்விப்பது. அப்புகலிடங்களில் இனப்பெருக்கம் இல்லை. வந்த சிங்கங்கள் ஒவ்வொன்றாக முதிர்ந்து மறைய, கூடமும் மெல்ல மெல்ல வெறுமையடையும். நிறைவதற்காக அன்றி, நல்ல முறையில் வெறுமையாவதற்காகவே அமைந்த மிருகத் தொகுதி அது! தெருவிலே ஆடவிடப்பட்ட கரடிகளுக்கும் இவ்வாறே விடிவு பிறந்தது. ஆடும் கரடியின் மூக்குக் கயிறு அறுபட்டு, அவ்வரிசையின் கடைசிக் கரடி 2009இல் பன்னேர்கட்டாப் புகலிடத்தை அடைந்தது.

குறைவெல்லாம் நன்மையென்றும் நாம் சொல்லவில்லை. மனிதனோடு நெருங்கி வாழும் மிருகத்துக்கு மனிதனின் நோயும் வந்து சேரும். 2021ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது வண்டலூர்ச் சபாரிப் பகுதியின் சிங்கங்கள் உண்ண மறுத்து இருமத் தொடங்கின. 11 சிங்கங்களின் மாதிரிகளைப் போபால் நகரிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பியதில், 9 சிங்கங்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. ஜூன் 3ஆந் திகதி நீலா என்னும் ஒன்பது வயதுப் பெண்சிங்கம் இறந்தது. ஜூன் 16ஆந் திகதி பத்பநாதன் என்னும் பன்னிரண்டு வயது ஆண்சிங்கமும் இறந்தது. பூங்கா மூடியிருந்தபோதே இது நிகழ்ந்தது. அதே ஜூன் மாதத்தில் நமது தெகிவளையிலும் தோர் என்னும் சிங்கம் அந்நோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்றது.

இழந்த இடத்தை நிரப்பப் பூங்காக்கள் இந்நாளில் காட்டிலிருந்து சிங்கம் பிடிப்பதில்லை, ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்கின்றன. அவ்வாறு பன்னேர்கட்டாவிலிருந்து வண்டலூருக்கு வந்த ஷெர்யார் என்னும் ஐந்து வயதுச் சிங்கம், 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சபாரி வெளியில் விடப்பட்டபோது, மாலையில் உணவுக்கூடத்துக்குத் திரும்பவில்லை. ஊழியர்கள் ஆளில்லாச் சிறுவிமானங்களைப் பறக்கவிட்டும் தேட நேர்ந்தது. சில நாட்களில் அது தானாகவே கூடம் திரும்பிற்று. ஊரார் அஞ்சினர், பத்திரிகைகள் பரபரத்தன. ஆனால் சிங்கத்தின் நோக்கில் எண்ணிப் பாருங்கள். புது மண், புது மணம், புது ஓசை. வீடு மாறிச் சென்ற பிள்ளைக்கும் முதல் வாரம் அப்படித்தானே இருக்கும்? தொகுதியில் ஒன்றைக் கூட்டுவது, கணக்கேட்டில் ஓர் எண்ணைக் கூட்டுவதுபோல் எளிதன்று.

நம் நாடும் நம் யானையும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். முன்னே கூறிய கார்ல் ஹகன்பெக்கின் இளவல் ஜோன் ஹகன்பெக் இலங்கையிலே குடியேறி வாழ்ந்தவர். தெகிவளை மிருகக்காட்சிச்சாலை அவர் கைப்பட்டே தொடங்கிற்று. இங்கு பிடிபட்ட மிருகங்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுமுன் தங்கியிருந்த இடமாகவே அது முதலில் பயன்பட்டது. அந்நிறுவனம் நொடித்துப்போக, 1936இல் அரசாங்கம் அதனை ஏற்றது. ஏற்றுமதிக் கிடங்கு கல்விக்குரிய இடமாயிற்று. பின்னர் அதன் அதிபராயிருந்த லின் டி அல்விஸ், 1973இல் திறக்கப்பெற்ற சிங்கப்பூர் விலங்ககத்தையும், 1994இல் அங்கே திறக்கப்பெற்ற இரவுச் சபாரியையும் திட்டமிட உதவினார். கம்பிகளற்ற பூங்காவுக்கு உலகம் இன்று உதாரணம் காட்டும் இடங்களிலே இலங்கையர் ஒருவரின் சிந்தனை கலந்திருப்பது நமக்குப் பெருமை.

ரிதியகமவிலே நாம் காணும் சிங்கம் இந்நாட்டுக்குரியதன்று. குருவிட்டைப் பகுதியில் கிடைத்த இரு பற்களைக் கொண்டு, தொல்காலத்தில் இங்கு சிங்கம் வாழ்ந்ததென 1939இல் போல் தெரணியகல எழுதினார். வரலாற்றுக் காலத்திலோ அது கொடியிலும் கோயில் வாகனத்திலுமே உளது. நம் காடுகளின் அரசு சிறுத்தையே. ஆதலால் ரிதியகமவில் சிங்கமோ வரிக்குதிரையோ கூடுவதும் குறைவதும் விருந்தினரின் வரவு செலவு போன்றது. அங்கேயுள்ள யானையோ நம் வீட்டுப் பிள்ளை.

யானையைப் பற்றிப் பேச யாழ்ப்பாணத்தவராகிய நமக்குத் தனி உரிமையும் தனிக் கடனும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளிலே பிடிபட்ட யானைகள் ஆழங்குறைந்த கடல்நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் ஓட்டிவரப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயர் அதற்குச் சாட்சி. யாழ்ப்பாணத்தில் அவற்றை ஏலத்தில் விட, கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்து வாங்கிக் கப்பலேற்றிச் சென்றனர். சுற்றுலா பஸ் ஆனையிறவைக் கடக்கும்போது பிள்ளைகள் உப்பளத்தைப் பார்க்கின்றனர். அவ்வழியே ஒருகாலத்தில் சென்ற யானைகள் திரும்பி வரவில்லை என்பதையும் ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டும்.

ஏற்றுமதி அத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இலங்கைக் காட்டிலே பிடிபட்ட பெண்யானைக் குட்டி ஒன்று இங்கிலாந்து சர்க்கஸ் ஒன்றைச் சேர்ந்தது. ஆன் என்று அதற்குப் பெயரிட்டனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது சர்க்கஸின் உடைமையாகவே வாழ்ந்தது. உடன் வாழ்ந்த யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைய, அது தனித்து நின்றது. மூட்டுவாதம் அதன் காலை வாட்டிற்று. அது அடிபடும் காட்சி 2011இல் வெளியானபோது இங்கிலாந்து மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஏப்பிரலில் அதை ஏற்றுக்கொண்ட இடம் எது தெரியுமா? 1966இல் சர்க்கஸ்காரர் ஒருவரின் யோசனையால் தொடங்கிய அதே லோங்லீற் பூங்காதான்! கிழ யானையின் மூட்டுக்கு இதமாக மணற்றரையும், குளிரைத் தாங்க வெப்பமான கூடமும், துணைக்குச் சில ஆடுகளும் அளித்தனர். வித்தை காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு நீங்கிற்று. சுற்றித் திரியும் சர்க்கஸ்களில் காட்டுமிருகங்களைப் பயன்படுத்துவதை இங்கிலாந்து 2019இல் சட்டமியற்றித் தடை செய்தது. 2020 ஜனவரியில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நூற்றுக்கணக்கான மைல் பரந்த காட்டிலே, பாட்டியும் தாயும் அத்தையும் சூழ வாழ வேண்டிய உயிர், அயல்நாட்டுக் குளிரிலே ஆட்டைத் துணையாகக் கொண்டு முதுமையைக் கழிக்க நேர்ந்தது. பிள்ளையாரை வணங்காமல் எந்தக் கருமத்தையும் தொடங்காத நாம் இச்செய்தியைக் கேட்டு வருந்துவது மட்டும் போதுமா? ஒரு பூங்கா முதலில் காட்சிக்காக மிருகத்தை வாங்கிற்று. பின்னர் கைவிடப்பட்ட மிருகத்துக்குக் கதவைத் திறந்தது. பூங்காவின் தொகுதியிலே ஒரு யானை கூடியது என்று பதிவேடு கூறும். ஆனால் கூடிய யானையினும் பெரிது, அங்கே கூடிய கருணையே.

பூங்கா செய்யக்கூடிய பணி

அப்படியாயின் பூங்காக்களே வேண்டாமென்று கூறலாமா? சில அன்பர்கள் அவ்வாறு வாதிப்பர். நாம் அதற்கு உடன்படோம். ஆபிரிக்காவுக்குச் சென்று ஒட்டகச்சிவிங்கியைக் காணும் வசதி உரும்பிராய்த் தோட்டக்காரரின் பிள்ளைக்கு எளிதில் வாய்ப்பதன்று. திரையிலே காணும் மிருகத்துக்கு மணமும் இல்லை, மூச்சும் இல்லை. நேரில் கண்ட உயிரிடத்தேதான் அன்பு பிறக்கும்.

மேலும், அழியவிருந்த இனத்தைப் பூங்கா காத்ததும் உண்டு. சீனத்து மிலு மானை எடுத்துக்கொள்வோம். பீகிங் நகரையடுத்த அரச வேட்டைத் தோட்டத்திலே எஞ்சியிருந்த அம்மான்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளத்தாலும் கலகத்தாலும் அழிந்தன. இங்கிலாந்தின் வோபர்ண் தோட்டத்துக்குரிய பெட்போர்ட் பிரபு, ஐரோப்பிய விலங்ககங்களில் எஞ்சியிருந்த 18 மான்களைத் தேடிச் சேர்த்தார். உலகில் இன்றுள்ள மிலு மான்களெல்லாம் அவற்றின் வழிவந்தவையே. 1985ஆம் ஆண்டு அம்மான்களிற் சில தம் முன்னோர் மேய்ந்த மண்ணுக்கே திரும்பின. வோபர்ணின் தொகுதியில் அன்று குறைந்த மான்களுக்காக எவராவது வருந்துவரா? மகளை நல்ல இடத்தில் மணமுடித்து அனுப்பிய தாயின் வீட்டில் ஓர் ஆள் குறைந்ததைப் போன்றதே அது.

மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள்

அடுத்த சுற்றுலாவுக்குப் புறப்படும் மாணவர் தம் குறிப்புப் புத்தகத்தில் மிருகங்களின் தொகையை எழுதுவதோடு நிறுத்தாது, மூன்று வினாக்களையும் எழுதிச் செல்வாராக. இம்மிருகம் எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்தா, மற்றொரு பூங்காவிலிருந்தா, கொடுமையிலிருந்து மீட்கப்பட்டா? இஃது ஏன் இங்கே இருக்கிறது? காட்சிக்கா, புகலுக்கா, இனத்தைக் காக்கவா? இது மறைந்தபின் இதன் இடத்தில் வேறொன்றைக் கொணர்வார்களா, கொணரத்தான் வேண்டுமா? காவலரிடம் பணிவோடு கேட்டால் அவர்கள் மகிழ்ந்து விடை கூறுவர். தாம் பேணும் உயிரைப் பற்றிக் கேட்பாரிடம் முகஞ்சுளிக்கும் காவலர் அரியர்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வாகனத்துக்குள் இருக்கும்போது கண்ணாடியைத் தட்டுவதும், உணவை எறிவதும், ஒலியெழுப்புவதும் வேண்டாம். சிங்கம் உறங்குகிறதென்றால் காசு வீணாயிற்று என்று முணுமுணுக்கவும் வேண்டாம். சிங்கம் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும் இயல்பினது. அது உறங்குவது, அங்கே அச்சமின்றி வாழ்கின்றதென்பதற்கும் அறிகுறியாகலாம்.

இவ்வினாக்களைக் கேட்கத் தெற்கே செல்லும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நமக்கு அண்மையில் நெடுந்தீவிலே, ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் கொணரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டுப்பாடின்றித் திரிகின்றன. அவற்றைக் காண வாகனத்துக்குள் அடைபட வேண்டியதுமில்லை. கடும் வரட்சிக் காலங்களில் அவை நீரின்றி மடிந்த செய்தியையும் நாம் படித்திருக்கிறோம். அங்கே தொகை குறைவது உயர்வன்று. நம் அசட்டையின் விளைவு. ஆகவே குறைவா கூடுதலா என்பதன்று கேள்வி. ஏன் என்பதே கேள்வி. அதைக் கேட்கப் பழகிய பிள்ளை, விலங்குகளிடத்து மட்டுமன்றி மனிதரிடத்தும் நீதியுள்ளவனாக வளர்வான், வளர்வாள். சுற்றுலாவுக்குக் கல்வி என்னும் அடைமொழி பொருந்துவதும் அப்போதுதான்.